துண்டு

எங்கள் மாமா மற்ற எல்லா விஷயத்திலும் விட்டுக்கொடுத்துப் போகிற ஆள். வடக்கத்திப் பசங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவரோடு வாதம் பண்ண முடியாது. "இவனுங்க வந்து இறங்குன நாள்ல இருந்து கூலி ஏறவே இல்லடா. சொன்ன சம்பளத்துக்குத் தலையாட்டுறானுங்க. ஒரே ரூம்ல பத்துப் பேர் படுத்துக்குறானுங்க. பாஷையும் தெரியாது ஒண்ணும் தெரியாது. ஏன்தான் இங்க வந்து விழுறானுங்களோ." கோத்தகிரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எதிரே ஜார்கண்ட் பையன்கள் நாலைந்து பேர் டீயில் வர்க்கியைத் தோய்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்வார். அவர்களுக்குத் தமிழ் புரியாது என்று ஒரு நம்பிக்கை.

மாமாவுக்கு இப்போது 67 வயது. 1974-இல், பதினாறு வயதில், இலங்கையிலிருந்து வந்து ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியவர். நீலகிரிக்கு வந்து ஆறு மாதத்துக்குள் இதே பேச்சை அவரைப் பார்த்தும் பேசியிருக்கிறார்கள். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு. சொன்ன கூலிக்கு வருகிறார்கள், ஒரே வீட்டில் பத்துப் பேர், பேசுகிற பேச்சே ஒரு தினுசு. பாஷை தெரியாது என்று மட்டும் எங்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள், பின்னால் சொல்கிறேன்.

இதை ஒருமுறை மாமாவிடமே கேட்டேன். "நாங்க வேற, அவனுங்க வேற. நாங்க இந்தியா பாஸ்போர்ட்டோட வந்தவங்க" என்றார். ஜார்கண்டும் இந்தியாதானே மாமா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் டீ வந்துவிட்டது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். அங்கே தினமும் ஒடியாவும் இந்தியும் காதில் விழும். ஆட்கள் ஏன் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு போகிறார்கள் என்று யாராவது பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்: வறுமை, பிழைப்பு. எங்கள் வீட்டுக் கதை அவ்வளவு சுருக்கமாக இல்லை.

அம்மாவின் அம்மாவை அம்மாயி என்று கூப்பிடுவோம். 2011-இல் தவறினார். நம் ஆட்கள் ஏன் கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு, போனார்கள் என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "கங்காணி வந்தான், போனோம்." போனது அவருடைய தாத்தா. துறையூர்ப் பக்கம், தாது வருஷப் பஞ்சத்தில். 1876-லிருந்து 78 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்துப்போன பஞ்சம் அது. தாத்தாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். பஞ்சம்தான் காரணம் என்று பார்த்தால், பஞ்சம் எல்லோருக்கும்தான் வந்தது, எல்லோரும் போகவில்லை. நிலம் வைத்திருந்தவன் பாதி நிலத்தை விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் ஆட்களுக்கு விற்க நிலமும் இல்லை, மேலத்தெருவில் செருப்புப் போட்டு நடக்க அனுமதியும் இல்லை. அந்த நேரத்தில்தான், அதே ஊரிலிருந்து சில வருஷம் முன்னால் வெறும் கோவணத்தோடு போன ஒருவன் கோட்டும் தலைப்பாகையும் கடுக்கனுமாகத் திரும்பி வந்தான். அவன்தான் கங்காணி, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவன். வெள்ளைக்காரன் நேரில் வந்து கூப்பிட்டிருந்தால் ஒருத்தரும் போயிருக்க மாட்டார்கள். கூப்பிட்டது சொந்தக்காரன்.

அவன் சொன்ன கதை மலையகத்தில் இன்றைக்கும் எல்லா வீட்டிலும் தெரியும். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும். மாசி என்றால் மாசிக் கருவாடு, மாலத்தீவு மீன். நம்பினார்களா என்று கேட்டால் அம்மாயி சிரிப்பார். "நம்புனா என்ன, நம்பாட்டி என்ன, சோறு இருந்தா எவன் போவான்." (இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. தாது வருஷத்தில் கண்டிச்சீமையில் தேயிலை பெயருக்குத்தான் இருந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரவில் போட்ட கொஞ்சம் தேயிலையைத் தவிர மற்றதெல்லாம் கோப்பிதான், அந்தக் கோப்பிக்கும் 1869-லேயே இலைத்துரு நோய் வந்துவிட்டது. தாத்தா தோண்டியது கோப்பித் தூராகத்தான் இருக்க வேண்டும். அம்மாயியிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். "நீ பாத்தியா?")

கங்காணி கதையோடு மட்டும் வரவில்லை, முன்பணத்தோடும் வந்தான். ஊரில் இருந்த பழைய கடனை அடைக்க, வழிச் செலவுக்கு, ஒரு போர்வைக்கு. தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்கு எந்தக் கணக்கும் கிடையாது, ஆனால் அவர்கள் வாங்கிய முன்பணத்துக்குக் கணக்கு உண்டு, அது கூட வந்த அண்ணன் தம்பி தலையில் ஏறும். தோட்டத்தில் போய் நிற்கும்போதே ஆள் கடனாளி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்கள் மாற வேண்டும் என்றால் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: இந்தக் கங்காணிக்கும் அவன் கூட்டத்துக்கும் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன். புதுத் தோட்டத்துத் துரை அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் போகாது, புதுத் துரை பெயருக்கு மாறும். அந்தச் சீட்டுக்குப் பெயர் துண்டு.

துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒழியவில்லை. கடன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "மளிகைக் கடையில துண்டு எவ்வளவு நிக்குது?" "அவனுக்குத் துண்டு இருக்குடி, பொண்ணு குடுக்காத." பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று செய்தியில் வாசிக்கிறார்களே, சின்ன வயதில் அதைக் கேட்டால் நிதியமைச்சரும் ஏதோ ஒரு கங்காணியிடம் மாட்டிக்கொண்டார் என்றே நினைத்துக்கொள்வேன்.

சரி, போனார்கள். போன இடத்தில் எப்படி நடத்தினார்கள்?

தோட்டத்துக்குள் கேட்டால் ஒரு பதில், வெளியே கேட்டால் இன்னொரு பதில். தோட்டத்துக்குள் அவர்கள் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. விடியற்காலை தப்புச் சத்தம், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம், கூடை, இடுப்பில் கட்டுகிற படங்கு, சாயங்காலம் கொழுந்து நிறுவை, ராத்திரிக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டில் ஒரு அறை. ஊரில் விட்டுவிட்டுப் போனதாக நினைத்த சாதி அங்கேயும் லயம் லயமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது, பெரிய கங்காணி யார் என்பதில் தொடங்கி. தோட்டத்துக்கு வெளியே அவர்கள் தோட்டக்காட்டான். கோபம் வந்தால் கள்ளத்தோணி. யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் தோட்டக்காட்டான் என்றுதான் சொன்னார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை.

கண்டிப் பக்கத்துச் சிங்கள விவசாயிகளின் கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. 1840-இல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, பத்திரம் காட்ட முடியாத காடும் மேட்டு நிலமும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று எடுத்துத் தோட்டக்காரர்களுக்கு விற்றது. காட்டை எரித்துச் சேனைப் பயிர் போட்ட மலை, மாடு மேய்த்த மலை எல்லாம் போயிற்று. போனதற்குக் காரணமான துரை குதிரையில் போனார், எட்டிப் பிடிக்க முடியாது. மலைமேல் கண்ணுக்குத் தெரிந்தது கூடை மாட்டிய தமிழ்ப் பெண்கள். நிலத்தைப் பிடுங்கியவன்மேல் போக வேண்டிய கோபம் அந்த நிலத்தில் கூலிக்கு நிறுத்தப்பட்டவன்மேல் போய் விழுந்தது. நான் படித்த, பார்த்த எல்லாக் குடிபெயர்வுக் கதையிலும் இது வருகிறது. எங்கள் வீட்டுக் கதையில் இன்னும் இரண்டு தடவை வரும்.

1939-இல் இலங்கை அரசாங்கம் இந்தியக் கூலிகளை அரசாங்க வேலையிலிருந்து நீக்கத் தொடங்கியது, பதிலுக்கு இந்திய அரசு தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதையே தடை செய்தது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த 1948-லேயே வந்தது குடியுரிமைச் சட்டம். அப்பா, இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும், இந்த நாட்டில் பிறந்தார்கள் என்று காகிதம் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? அதற்கு முந்தைய வருஷம்தான் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள், 1949-இல் அந்த ஓட்டும் போயிற்று. தமிழ்த் தலைவர்களே இதில் ஒரு பக்கம் நிற்கவில்லை. செல்வநாயகம் தமிழ் காங்கிரசிலிருந்து பிரிந்து போய்த் தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மாயிக்கு இந்த அரசியல் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, ஒரு நாள் கணக்கப்பிள்ளை வந்து "ஒங்களுக்கு இனிமே நாடு இல்ல" என்று சொன்னதும், அன்றைக்கும் பெரட்டுக்குப் போனதும்தான்.

அப்புறம் 1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டெல்லியில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், 15 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம். 1974-இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பேசி ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கொழுந்தை நிறுத்துப் பிரிக்கிற மாதிரி எங்களைப் பிரிச்சாங்க, தண்ணிக் கழிவு மட்டுந்தான் புடிக்கல" என்பார் அம்மாயி. அவருக்கு நிறுவையில் தண்ணிக்கென்று கொழுந்தைக் கழிப்பதில் தீராத ஆத்திரம் உண்டு.

விண்ணப்பம் போடுவது அவரவர் விருப்பம் என்றுதான் சொன்னார்கள். இலங்கையிலேயே இருக்கிறோம் என்று கேட்டவர்கள் ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணிக்கையைத் தாண்டிப் போனார்கள், இந்தியா கேட்டவர்கள் குறைந்துபோனார்கள். யாருக்குமே தெரியாத ஊர், யார் கேட்பார்கள்? அம்மாயி இந்தியாவைப் பார்த்ததே ஒரே ஒரு தடவை, ஏழு வயதில், குலசாமிக்கு முடியெடுக்க. அம்மாயியின் புருஷன், என் தாத்தா, இந்தியாவுக்கு எழுதிப் போட்டார், அவருடைய தம்பி இலங்கைக்கு எழுதிப் போட்டார். இரண்டு பேரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். ஏன் இப்படி என்று தாத்தா உயிரோடு இருந்தவரை யாரும் கேட்கவில்லை. சின்னத்தாத்தா குடும்பத்தில் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்தது 2003-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான், அவர் அதைப் பார்க்க இல்லை.

தாத்தா எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்ப மனசில்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். கிளப்பியது 1973, 74 பட்டினி. அரிசியும் மாவும் தட்டுப்பாடு, தோட்டத்தில் வேலை நாள் குறைந்து போயிற்று, பாணுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வரிசை. லயத்தில் கிழங்கைத் தோண்டித் தின்று வயிறு ஊதிச் செத்த குழந்தைகளை அம்மாயி பெயர் சொல்லிச் சொல்வார். தொண்ணூற்றேழு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தாத்தாவைக் கடலுக்கு அந்தப் பக்கம் தள்ளியதும் பசி, இவர்களை இந்தப் பக்கம் தள்ளியதும் பசி. போகும்போது இருந்த கங்காணி மட்டும் இப்போது இல்லை, அவன் இடத்தில் பாஸ்போர்ட் இருந்தது.

அட்டனிலிருந்து தலைமன்னாருக்கு ரயில். ரயிலை அங்கே கோச்சி என்பார்கள், இந்த ரயிலுக்குத் தனியாக ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்துவிட்டது. போகிறவர்கள் ஜன்னலுக்கு உள்ளே, இருக்கிறவர்கள் பிளாட்பாரத்தில், பிணம் கிடக்கிற வீடு மாதிரி மாரடித்து அழுகை. மாமா அழவில்லையாம். ஜன்னல் ஓர இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன் என்பார்.

பழைய கப்பல் துறை தனுஷ்கோடி. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல் அந்த ஊரை வழித்தெடுத்துப் போய்விட்டது. அதனால் ராமேஸ்வரத்தில் இறக்கினார்கள், அங்கிருந்து மண்டபம் முகாம். அம்மாயிக்கு முகாமைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஏழு வயதில் குலசாமி கும்பிட்டுவிட்டு இலங்கைக்குத் திரும்பிய போது இங்கேதான் நாள்கணக்கில் அடைத்து வைத்து ஊசி போட்டு அனுப்பினார்கள், இந்தியாவிலிருந்து நோய் வந்துவிடக் கூடாது என்று. இலங்கைக்குக் கூலி ஆட்களை அனுப்பக் கட்டிய முகாமில்தான் திரும்பி வந்தவர்களைப் பதிவு செய்தார்கள், 1983-க்குப் பிறகு அதே இடத்தில் அகதிகளை வைத்தார்கள். ஒரே இடம் மூன்று தலைமுறை ஆட்களைப் பார்த்திருக்கிறது.

முகாமில் குடும்ப அட்டை கொடுத்தார்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். இதைச் சொல்லியாக வேண்டும், அரசாங்கம் கைவிட்டுவிடவில்லை. வியாபாரக் கடன், நூற்பாலை வேலை, கன்னியாகுமரியிலும் கேரளாவில் புனலூர்ப் பக்கமும் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் ரப்பர்த் தோட்டம், நீலகிரியில் தேயிலை என்று திட்டங்கள் இருந்தன. இதற்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976-இல் அது டான்டீ நிறுவனமானது. தாயகம் திரும்பியோருக்கென்று ரெப்கோ வங்கி 1969-இல் வந்தது. உலகத்தில் எத்தனை பேருக்கு இந்த அளவு கிடைக்கிறது என்று யோசித்தால் குறை சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாபாரக் கடன் வாங்கியவர்கள் பாதிப்பேர், வாழ்க்கையில் கொழுந்து தவிர வேறு எதையும் விற்றோ வாங்கியோ பார்க்காதவர்கள். முகாம் வாசலிலேயே தரகர்கள் நின்றார்கள். கடை வைத்துத் தருகிறேன், மாடு வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப் போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போனவர்கள் கதை எங்கள் ஆட்களிடம் நிறைய உண்டு. தாத்தா நீலகிரி என்றார். தெரிந்த செடி.

கோத்தகிரிக்கு வந்தால் அதே குளிர், அதே சரிவு, அதே லயம், பெயர் மட்டும் லைன் வீடு. வந்த முதல் வாரம் அம்மாயி கடைக்குப் போய் "ரெண்டு றாத்தல் பாண் குடுங்க" என்றிருக்கிறார். கடைக்காரர் வெற்றிலைப் பானாக்கும் என்று நினைத்து, பெண்பிள்ளை இரண்டு ராத்தல் வெற்றிலை கேட்கிறதே என்று பார்த்தாராம். பிரெட் என்று தெரிய அரை மணி நேரம் ஆயிற்று. பாஷை தெரியாது என்று எங்களைச் சொல்ல முடியாததற்கு வழி வைத்திருந்தார்கள் என்றேனே, இதுதான். கோச்சி, பாண், சாயத்தண்ணி, காம்பரா. பள்ளிக்கூடத்தில் அம்மா வாயைத் திறந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒரு வாத்தியார் "சிலோன், நீ சொல்லு" என்றுதான் கூப்பிடுவாராம், வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். அம்மா ஒரு வருஷம் பள்ளியில் பேசாமலே இருந்து, பேச ஆரம்பித்தபோது சுத்தமான கோயமுத்தூர்த் தமிழ் பேசினார். இன்றைக்கும் கோபம் வந்தால் மட்டும் பழைய பாஷை வெளியே வரும்.

அந்தக் கடைக்காரர் மலையாளி. முதல் மாதச் சம்பளம் வரும் வரைக்கும் அரிசி, பருப்பு எல்லாம் கணக்கில் எழுதிக் கொடுத்தார், அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் வயநாட்டிலிருந்து மலையேறி வந்தவர்தான். கடைசிவரை எங்கள் ஆட்களைப் பார்த்தால் "பாண் வந்திருக்கு" என்றுதான் சொல்வார், வேறு ஆளுக்கு பிரெட். தாத்தா செத்தபோது எங்கள் சொந்தத்தில் சிலர் வரவில்லை, அவர் வந்தார்.

இரண்டு தடவை வரும் என்று சொன்னதில் ஒன்று இங்கே. எங்களைக் குடிவைக்கக் காட்டை வெட்டித்தான் தேயிலை போட்டார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அந்தக் காட்டில் பழங்குடிகளான பணியர்களும் காட்டுநாயக்கர்களும் முள்ளுக்குறும்பர்களும் இருந்தார்கள். சின்ன வயதில் விடுமுறைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் தோட்ட ஓரத்தில் பணியர் குடிசைகள் இருக்கும், அவர்கள் எங்களோடு பேச மாட்டார்கள். திமிர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கண்டியில் எங்களைப் பார்த்துச் சிங்களவர்கள் முகம் திருப்பியதைச் சொல்லும்போது அம்மாயி அதை அநியாயம் என்பார். இதைத் திமிர் என்பார். நான் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள முப்பது வயது ஆயிற்று.

எங்களை அகதி என்பார்கள். அகதி இல்லை, இந்தியக் குடிமக்களாகக் கப்பல் ஏறியவர்கள் என்று மாமா சண்டைக்கே போவார். 1983 கலவரத்துக்குப் பிறகு மண்டபத்தில் வந்து இறங்கியவர்களைப் பார்த்து அவரும் கண் கலங்கியிருக்கிறார், ஆனால் அவர்களோடு சேர்த்து எண்ணப்படுவது பிடிக்காது. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு சிலோன் என்ற சொல்லே வீட்டில் தடை. அந்த வருஷம் இரண்டு தடவை போலீஸ் வந்து குடும்ப அட்டையைக் கேட்டது, யார் யார் வந்து போகிறார்கள் என்று கேட்டது. அம்மாயி டிரங்குப் பெட்டியிலிருந்து எல்லாக் காகிதத்தையும் எடுத்துப் பாயில் பரப்பி வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொண்டார். சாதிச் சான்றிதழுக்கு அலைந்த கதை தனி. உங்கள் பூர்வீக ஊர் எது, அங்கே போய் வாங்கி வா என்பார்கள். துறையூர்ப் பக்கம் போனால் இப்படி ஒரு குடும்பம் இங்கே இருந்ததே இல்லை என்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் செருப்புப் போட விடாத தெருவுக்கு, நாங்கள் அந்தச் சாதிதான் என்று எழுதி வாங்க நடையாய் நடந்தார் தாத்தா. எங்களுக்காவது கிடைத்தது. பாஸ்போர்ட் கைக்கு வரும் முன்னால் கலவரத்தில் ஓடி வந்த மலையகத்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இன்னும் முகாம்களில் நாடற்றவர்களாகவே இருக்கிறார்கள். 2019-இல் திருத்திய குடியுரிமைச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரை எழுதியது, அதில் இலங்கை இல்லை.

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் என்னை மாதிரியே திருப்பூர். எங்கள் தலைமுறையில் கொழுந்தெடுக்க யாரும் நிற்கவில்லை. மாமா பணி முடிந்து, லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, மூன்று சென்ட் வாங்கி ஓட்டு வீடு கட்டியிருக்கிறார். காலியான லைன் வீடுகளில் இப்போது ஜார்கண்ட் குடும்பங்கள். அவர்கள் வந்ததால் கூலி ஏறவில்லை என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பச்சைத் தேயிலை விலையைக் குறைத்ததும் கூலியை ஏற்றாமல் விட்டதும் டீக்கடையில் வர்க்கி தின்கிற பையன்கள் இல்லை. இதுதான் இரண்டாவது தடவை. 2023 தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் ஆட்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கிளம்பி, திருப்பூரில் எங்கள் கம்பெனியில் பாதிப்பேர் மூட்டை கட்டினார்களே, அந்த வாரம் ரயில் நிலையத்தில் கூட்டத்தைப் பார்த்தபோது எனக்கு நான் பார்த்தே இராத அந்தக் கோச்சிதான் நினைவுக்கு வந்தது. மாமாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "போனா நல்லது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பொம்பளப் புள்ளைங்க இருந்துச்சா கூட்டத்துல?" என்று கேட்டார்.

போன ஐப்பசியில் கோத்தகிரி போயிருந்தேன். மழை. மாமாவும் நானும் டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம், காற்றில் குடை மடங்கி அவர் தலை நன்றாக நனைந்துவிட்டது. அங்கே ஒரு பையன் நின்றான், இருபது இருபத்தொன்று இருக்கும், தோளில் கட்டம் போட்ட துணி. தமிழ் கொஞ்சம் வந்தது. மழை விடவில்லை, மாமாவுக்குச் சும்மா இருக்கவும் முடியவில்லை.

"ஊரு எது?"

"கும்லா, அண்ணா." அறுபத்தேழு வயது ஆளை அண்ணா என்றான். அவர்கள் எல்லோரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள், யாரோ முதல் நாள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"இங்க யாரு கூட்டியாந்தா?"

டேக்கேதார் என்றான். ஒப்பந்தக்காரன். வெளியாள் இல்லையாம், அவன் ஊர்க்காரர்தான், அவன் அம்மா வழியில் சொந்தம். ஊட்டி பூங்காவின் படத்தைப் போனில் காட்டி இங்கேதான் வேலை என்றாராம். அதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கும்லாவில் நிலம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. அவன் பாட்டியின் அண்ணன் அந்தக் காலத்தில் அசாமுக்குத் தேயிலை எடுக்கப் போனாராம், திரும்பவே இல்லை, அந்தக் குடும்பம் இப்போதும் அங்கேதான் ஏதோ ஒரு தோட்டத்தில் இருக்கிறதாம், இவன் பார்த்ததில்லை. சோட்டா நாக்பூர் மேட்டிலிருந்து அசாமுக்கு ஆள் பிடித்துப் போனவர்களுக்கு அங்கே சர்தார் என்று பெயர். எங்கள் பக்கம் கங்காணி.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. டீ சொன்னார், மூன்று.

"அட்வான்ஸ் எவ்வளவு வாங்குன?"

இருபதாயிரம் என்று விரலில் காட்டினான். அக்கா கல்யாணம்.

"கழிஞ்சிருச்சா?"

கையைப் பாதியில் வெட்டுவது போலக் காட்டினான். பாதி. இல்லை, பாதிக்கும் கொஞ்சம் குறைவு. சரியாகத் தெரியவில்லை, டேக்கேதாரிடம்தான் கணக்கு இருக்கிறது.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். பள்ளிக்கூடப் பையனை அதட்டுகிற குரலில் கேட்டார்.

"துண்டு வச்சிருக்கியா? ஏன்டா, துண்டு. உன் கையில இருக்கா இல்லையா?"

பையன் மாமாவின் முகத்தைப் பார்த்தான், தண்ணீர் சொட்டுகிற தலையைப் பார்த்தான். சட்டென்று புரிந்த மாதிரி, தோளில் கிடந்த துணியை எடுத்து உதறி, இரண்டு கையாலும் நீட்டினான்.

மாமா ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார்.